‘வச்சாச்சு’ சொல்லும்வரை

முப்பத்தோரு வருடம் மற்றவர்களின் வீட்டைக் காலி செய்து கொடுத்தவன் நான். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரி. கண்ணாடி, பீங்கான், பியானோ, மீன்தொட்டி, காலமான மாமனாரின் ஆளுயரப் படம் என்று என் கை படாத சாமான் கிடையாது. ஒரு கீறல் விழுந்ததாக யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கலாம். அதற்கு நான் பொறுப்பல்ல.

அப்படிப்பட்ட என்னை நாலு கிலோ எடையுள்ள ஒரு பூனை மண்ணைக் கவ்வ வைத்தது.

பூனை என் மகளுடையது. அவளுக்கு வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. பதினைந்து நாளில் போய்ச் சேர வேண்டும். அவளுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு விசா முத்திரை போதுமானதாக இருந்தது. பூனைக்கோ தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு, கடைசியில் பயணத்துக்குத் தகுதி என்று டாக்டரின் சான்றிதழ்.

"அதோட ரத்தம் மட்டும் சீக்கிரம் குடுத்துடுப்பா. அப்புறம் மூணே மாசம். பூனைய பிளேன்ல அனுப்புற ஏஜென்சிக்காரங்க வீட்டுக்கே வந்து வாங்கிப்பாங்க," என்றாள்.

நான் "ம்" என்றேன். "ம்" சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. என் மனைவி உயிரோடு இருந்தவரை எனக்கும் மகளுக்கும் நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் அவளே பேசிவிடுவாள். அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

பூனைக்கு மகள் வைத்த பெயர் வேறு. நான் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாது. எல்லா அறையையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். அடுத்தவன் வேலை செய்வதை உற்றுப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகும். எங்கள் கம்பெனியில் இருந்த மேனேஜரும் அப்படித்தான்.

மகள் விமானம் ஏறிய மறுவாரம் அதை டாக்டரிடம் கொண்டுபோனேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பரணில் கிடந்த, முன்பக்கம் கம்பிக் கதவு வைத்த பிளாஸ்டிக் பூனைப் பெட்டியை இறக்கிப் பினாயில் விட்டுக் கழுவினேன். பூனை உள்ளே ஆடி அசைந்து அடிபட்டுவிடக் கூடாதே என்று செய்தித்தாளைச் சுருட்டி நான்கு பக்கமும் நெருக்கமாக அடைத்தேன். பீங்கான் ஜாடிக்கு அப்படித்தான் செய்வோம். பெட்டியை உலுக்கினால் சத்தம் வரக் கூடாது. மூடி ஆடிய இடத்தில் டேப் ஒட்டினேன். அம்புக்குறி போட்டு ‘இந்தப் பக்கம் மேலே’ என்றும் எழுதினேன். பிறகு தூங்கிக்கொண்டிருந்த மேனேஜரைத் தூக்கி, தலையை அமுக்கி உள்ளே திணித்தேன்.

திணிப்பதற்கு அரை மணி நேரம் பிடித்தது. என் வலது கையில் ஏழு கோடுகள். வாடகைக் காரில் அது கத்திய கத்தலில் ஓட்டுநர் இரண்டு தடவை ஓரங்கட்டி நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நாய் வந்து கம்பிக் கதவில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. அவ்வளவுதான். எங்கள் முறை வருவதற்குள் செய்தித்தாள் எல்லாம் நனைந்து நாறி, பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா டேப்பைப் பார்த்தார். அம்புக்குறியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பாத்தீங்க சார்?"

சொன்னேன்.

"அதான். கட்டினதுல ஒரு குறையும் இல்ல. ஆனா இதுக்கு உசுரு இருக்கே. திரும்பிப் படுக்க இடம் வேணாமா? இந்தப் பினாயில் நெடி எனக்கே தாங்கல, அதோட மூக்குக்கு எப்படி இருக்கும்?"

அன்றைக்கு ரத்தம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மயக்க ஊசி போட்டு அனுப்பிவிடலாமே என்று கேட்டேன்.

"பிளேன்ல போறதுக்கு அது கூடாது. மேல போனதும் மூச்சு என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. அது முழிச்சிருக்கணும், பயப்படாமலும் இருக்கணும். அதுக்குக் குறுக்கு வழி கிடையாது சார். பெட்டிய நீங்க பெட்டியா வச்சிருக்கீங்க. அத அதோட வீடா ஆக்குங்க."

எப்படி ஆக்குவது என்றும் சொன்னார். பெட்டியைப் பரணில் ஏற்றாதே, கூடத்தின் நடுவில் வை. மூடியைக் கழற்று. நீ உடுத்திக் கழற்றிய துணியைத் துவைக்காமல் உள்ளே போடு. சாப்பாட்டை முதலில் பக்கத்தில் வை, பிறகு உள்ளே வை. தானாகப் போகட்டும், தானாக வரட்டும். பிறகு மூடி, பிறகு கதவு, பிறகு தூக்குவது, பிறகு வண்டி. எதற்கும் அவசரப்படாதே.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. உள்ள இருக்கும்போது ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நல்லா பயந்துடுச்சுன்னா, எல்லாம் போச்சு. மறுபடி முதல்லேருந்து."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். அதுதான் பின்னால் வினையாக முடிந்தது.

என் பழைய கம்பெனிச் சட்டை ஒன்றை இரண்டு நாள் போட்டுக் கழற்றிப் பெட்டியின் அடிப்பாகத்தில் விரித்தேன். மேனேஜர் ஐந்து நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆறாம் நாள் வேக வைத்த கோழித் துண்டுக்காக முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, பின்னங்கால் இரண்டையும் வெளியே வைத்து, எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடலாம் என்ற நிலையில் சாப்பிட்டது. பத்தாம் நாள் நான் கடையிலிருந்து திரும்பியபோது சட்டையின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த வயதில் ஒரு பூனை தூங்கியதற்கெல்லாம் அழலாமா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தூக்குகிற கட்டம் வந்தபோதுதான் என் தொழில் கை கொடுத்தது. கனமான சாமான் தூக்கும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பீரோவைப் பின்னால் பிடித்திருப்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அதனால் முன்னால் பிடித்திருப்பவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவான். ‘தூக்கறேன்.’ ‘திரும்பறேன்.’ ‘இறக்கறேன்.’ கடைசியில் நான்கு காலும் தரையில் ஊன்றியதைப் பார்த்துவிட்டு ‘வச்சாச்சு’ என்பான். அந்த வார்த்தை வரும்வரை யாரும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அடுத்தவன் விரல் நசுங்கும். வார்த்தை வந்த பிறகு பிடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து, "என்ன, பீரோவக் கட்டிக்கப் போறியா?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

பெட்டிக்குள் இருக்கிற பூனைக்கும் முன்னால் நடப்பது தெரியாதல்லவா? அதனால் அதற்கும் சொன்னேன். கைப்பிடியில் தொங்கவிடாமல் அடியில் இரண்டு கையும் கொடுத்து, "தூக்கறேன்" என்று சொல்லித் தூக்கினேன். கூடத்தைத் தாண்டும்போது "திரும்பறேன்." சமையலறையில் "இறக்கறேன்." தரையில் ஊன்றியதும் "வச்சாச்சு" என்று சொல்லிக் கதவைத் திறந்து ஒரு கோழித் துண்டு கொடுப்பேன். இரண்டு வாரத்தில் மேனேஜர் பாடத்தைப் பிடித்துக்கொண்டது. "தூக்கறேன்" என்றால் காலை மடக்கிப் படுத்துக்கொள்ளும். "வச்சாச்சு" கேட்டால்தான் வெளியே வரும். கதவு திறந்தே கிடந்தாலும் அந்த வார்த்தை வராமல் நகராது. எங்கள் கம்பெனியில் சேர்ந்த எந்த ஆளும் அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் பெட்டியைத் தரையில் வைக்கவில்லை. உயரமான நாற்காலியில் வைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்தினேன். டாக்டரம்மா மூடியை மட்டும் கழற்றிவிட்டு, சட்டையின் மேல் படுத்திருந்த நிலையிலேயே ரத்தம் எடுத்தார். மேனேஜர் ஒரு தடவை முகத்தைச் சுளித்தது. அத்தோடு சரி.

"இவ்ளோ சமத்தா!" என்றார் டாக்டரம்மா. என்னைச் சொன்னாரா பூனையைச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் போன் செய்வாள். "மேனேஜர் எப்படிப்பா இருக்கு?" என்பாள். அவளும் இப்போது அந்தப் பெயருக்கு மாறியிருந்தாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க மாட்டாள். இந்த வாரம் ஒரு மணி நேரம் கதவை மூடி வைத்தேன், இந்த வாரம் மாடிப்படி ஏறி இறங்கினோம், காரில் ஊர்க்கோடிவரை போய்த் திரும்பினோம் என்று சொல்வேன். அவள் சிரிப்பாள். அரை மணி நேரம் ஓடிவிடும். நானும் என் மகளும் அரை மணி நேரம் பேசுவது என்பது என் மனைவி கேட்டால் நம்பவே மாட்டாள். பூனைப் பேச்சு முடிந்ததும் இருவரும் ஒரு நிமிடம் சும்மா இருப்போம். "சரிப்பா, வைக்கட்டுமா?" என்பாள். "ம்" என்பேன்.

அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயமாக இருந்தது. பூனையும் போய்விட்டால் அவளுக்கும் எனக்கும் நடுவே பேச என்ன மிச்சம் இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் என்ன கேட்பாள்? முதலில் வாரம் தவறாமல் போன் வரும். பிறகு வேலை அதிகம் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு நானே, வேலை இருக்கும், தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். வீட்டில் மனிதக் குரலே இருக்காது. இந்த மூன்று மாதமாக நான் வாயைத் திறந்து பேசியதெல்லாம் மேனேஜரிடம்தான். அதை வழியனுப்பத்தான் நான் பாடுபட்டுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுக்கிறேனோ அவ்வளவு சுலபமாக அது என்னை விட்டுப் போகும்.

பயணத்துக்கு எட்டு நாள் இருந்தது. மறுநாள் சான்றிதழ் வாங்க டாக்டரிடம் போக வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மேனேஜர் பெட்டிக்குள் மல்லாந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கியது. பூனை வயிற்றைக் காட்டித் தூங்கினால் அந்த இடத்தை அது முழுசாக நம்பிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவை பயந்தால் போதும்.

நான் குனிந்தேன். பெட்டியின் கதவைப் பிடித்து ஓங்கி அறைந்தேன். பிறகு மூடியின் மேல் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்தேன்.

உள்ளே அது சுழன்று சுழன்று மோதியது. கதவைத் திறந்ததும் என் காலுக்கிடையில் பாய்ந்து பீரோவின் உச்சிக்கு ஏறியது. அங்கிருந்து என்னைப் பார்த்தது. எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்துச் சொல்வதில் என்ன இருக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்து, இனி இது போகாது என்று நினைத்தேன். அது கீழே இறங்கவில்லை. கோழி வைத்தேன், தொடவில்லை. "மேனேஜர்" என்று கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் இன்னும் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு பொருளையும் நான் வேண்டுமென்றே உடைத்ததில்லை.

மறுநாள் டாக்டரிடம் போகவில்லை. அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

"மேனேஜர் எப்படிப்பா இருக்கு?"

"பெட்டிக்குள்ள போகமாட்டேங்குது."

"ஏன்? நல்லாத்தானே போச்சு?"

"என்னமோ தெரியல. பயந்துடுச்சு."

"சரிப்பா. கட்டாயப்படுத்த வேணாம். அங்கேயே இருக்கட்டும். உனக்கும் வீட்ல ஒரு துணை," என்றாள். "ஜன்னல் ஓரமா அதுக்கு ஒரு பலக அடிச்சு வச்சிருக்கேன்ப்பா. டெய்லி வேலை முடிஞ்சு வந்ததும் அதத்தான் பாத்துட்டு உக்காந்திருப்பேன். இங்க நான் யார்கிட்டயும் அவ்வளவா பேசறதில்ல. அது வந்துட்டா அதுகிட்டயாவது பேசலாம்னு இருந்தேன். பரவால்ல விடு."

நான் என்ன சொன்னேன்? "ம்" என்றேன். போனை வைத்தேன். நான் இங்கே எந்தத் தனிமைக்குப் பயந்து கதவை அறைந்தேனோ, அதே தனிமையில் என் பெண் அங்கே ஒரு வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் பூனை இல்லாமல் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"நான்தான் டாக்டர் கதவ அறைஞ்சேன். வேணும்னுதான்," என்றேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எத்தன நாள் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு நாள்."

"மூடிய கழட்டுங்க. முதல்லேருந்து ஆரம்பிங்க. நீங்க ஒண்ணும் செய்யாதீங்க, பக்கத்துல சும்மா இருங்க. அது மனசு வச்சா உண்டு."

சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினேன். அடியிலிருந்த சட்டையை எடுத்துவிட்டு, போட்டிருந்த சட்டையைக் கழற்றி விரித்தேன். பிறகு பனியனோடு தரையில் படுத்து, பெட்டியின் அடிப்பாகத்தில் என் தலையை வைத்துக்கொண்டேன். அறுபத்து மூன்று வயது ஆள் பூனைப் பெட்டியில் தலையை வைத்துப் படுத்திருப்பதை யாராவது பார்த்திருந்தால் எனக்கென்று வேறு மாதிரி ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரை வரவழைத்திருப்பார்கள். பீரோவைப் பார்த்து, "பாரு, இங்க ஒண்ணும் இல்ல. நான்தான் தப்புப் பண்ணேன்," என்று சொன்னேன். அன்று முழுக்கச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாள் சாயங்காலம் கழுத்து வலியோடு படுத்திருந்தபோது, நெற்றியில் ஈரமான மூக்கு ஒன்று பட்டது. நகர்ந்து இடம் கொடு என்று என் தலையை முட்டித் தள்ளியது. நகர்ந்தேன். மேனேஜர் உள்ளே போய்ச் சுருண்டு படுத்தது. எனக்கு அதைத் தொடவே வெட்கமாக இருந்தது.

பயணத்துக்கு முந்தின நாள் மூடியை மாட்டி, "தூக்கறேன்" என்றேன். காலை மடக்கிக்கொண்டது. டாக்டரம்மா சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

போகிற நாளில் பெட்டியின் மேல் ஒட்டுவதற்கு ஒரு தாள் எழுதினேன். தூக்கும்போது ‘தூக்கறேன்’ என்று சொல்லவும். திரும்பும்போது ‘திரும்பறேன்’ என்று சொல்லவும். இறக்கும்போது ‘இறக்கறேன்’ என்று சொல்லவும். நான்காவது வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. தாளில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது.

ஏஜென்சியிலிருந்து வந்த பெண் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சொல்லணுமா சார்? நிஜமாவா?" என்றார். சொல்லிக் காட்டினேன். "தூக்கறேன்" என்று தூக்கி, அவர் கைக்கு மாற்றினேன். வேன் கதவு மூடும்வரை ஒரு சின்னச் சத்தமும் இல்லை. ஒரு தடவை கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

கூடத்தில் பெட்டி இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டே நடந்தேன். நடுவில் கால் வைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"அப்பா, வந்துடுச்சு. நல்லா இருக்கு. வழியில ஒரு தடவகூடக் கத்தலையாம். ஆனா நாலு மணி நேரமா பெட்டிய விட்டு வெளிய வரல. கதவத் திறந்துதான் வச்சிருக்கேன். முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. சாப்பாடு வச்சேன், தண்ணி வச்சேன். என்னையே பாக்குது. என்னை மறந்துடுச்சாப்பா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று என் வாசலில் தூக்கிய பெட்டியை இன்னும் யாரும் வைக்கவில்லை. எத்தனையோ இடத்தில் இறக்கியிருப்பார்கள். வைத்துவிட்டோம் என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

"மறக்கல. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பெட்டிகிட்ட வை," என்றேன்.

வைத்தாள். அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது கேட்டது. என் இடது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அது எங்கள் தொழில் ஒழுங்கு.

"வச்சாச்சு," என்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தட்டு நகரும் சத்தம். பிறகு மகள் அழுவதும் சிரிப்பதுமாக, "வந்துடுச்சுப்பா, வந்துடுச்சு. என் மடியில ஏறுது," என்றாள்.

மேசையிலிருந்து கையை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஒரு நிமிடம் வந்தது. அவளும் சும்மா இருந்தாள், நானும் சும்மா இருந்தேன். சொல்வதற்குப் பூனைக் கதை எதுவும் என் பக்கம் இல்லை. இப்போது "வைக்கட்டுமா?" என்பாள், நான் "ம்" என்பேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக, என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறாளா என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேனே, நான் அவளை ஒரு தடவையாவது ஏதாவது கேட்டிருக்கிறேனா என்று அப்போதுதான் யோசித்தேன்.

"நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"இன்னும் இல்லப்பா," என்றாள்.